திரும்பி வருவதில் வெட்கமில்லை

பாடம் 12

வாசிக்க முன்

உங்கள் பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள்.

1. நீங்கள் கடைசியாகக் காட்டுக்கோ மலைக்கோ 'தூர்' போனது எப்போது? யாரோடு போனீர்கள்?
2. நீங்கள் வெளியே போகும்போது வீட்டில் என்னென்ன கேட்பார்கள்?
3. எங்கேயாவது போகும்போது பாதி வழியில் திரும்பி வந்தது உண்டா? ஏன்?

வாசிப்போம்

1. மூன்று கேள்விகள்

பிள்ளைகளே, நீங்கள் நண்பர்களோடு வெளியே போக வெளிக்கிட்டால் வாசலிலேயே கேள்விகள் தொடங்கிவிடுமா? எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் மூன்று கேள்விகள் கேட்பார்.

"எங்க போறாய்? ஆரோட போறாய்? எத்தினை மணிக்கு வருவாய்?"

நான் வளர்ந்து, ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கப் போனேன். அப்போதும் இந்தக் கேள்விகள் நிற்கவில்லை. அம்மாவும் அப்பாவும் பேர்கனில் இருந்தார்கள். நான் ஒஸ்லோவில், கிரிங்ஷோ மாணவர் குடியிருப்பில், ஒரு சின்ன அறையில் இருந்தேன். அதனால் கேள்விகள் தொலைபேசியில் வந்தன.

அது நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நானும் இரண்டு நண்பர்களும் நூர்மார்க்காக் காட்டுக்குப் போக ஆயத்தமாக நின்றோம். ஒருவன் சென்னையில் இருந்து ஒரு வருடம் படிக்க வந்தவன். அவனுக்கு அதுதான் முதல் நோர்வேக் குளிர்காலம். மற்றவள் நோர்வேஜியத் தோழி. மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவள்.

எங்கள் திட்டம் இதுதான். காட்டுக்குள் இருக்கும் ஒரு மரக்குடிலுக்கு நடந்து போவது. இரவு அங்கே தங்குவது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவது.

நாங்கள் வெளிக்கிடும் நேரம் அம்மா தொலைபேசி எடுத்தார். அதே மூன்று கேள்விகள்! நண்பர்கள் பக்கத்தில் நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"காட்டுக்குத்தான் அம்மா. பிறகு கதைக்கிறன்," என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டேன்.

"அம்மா என்ன கேட்டார்?" என்று நோர்வேஜியத் தோழி கேட்டாள். நான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். அதில் அவள் தன் அப்பாவுக்கு அனுப்பிய செய்தி இருந்தது. எந்தக் குடில், எந்தப் பாதை, யார் யார், ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தாள்.

அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

2. காட்டுக்குள்

கிரிங்ஷோவுக்கு அடுத்த ரி-பானெ நிலையம் சொங்ஸ்வான். ஐந்தாம் இலக்கப் பாதையின் கடைசி நிலையம் அது. அங்கே ஓர் அழகான ஏரி இருக்கிறது. உங்களில் பலர் அந்த ஏரியைச் சுற்றி நடந்திருப்பீர்கள். ஏரியைத் தாண்டினால் காடு தொடங்கும்.

நாங்கள் பத்து மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதலில் உல்லெவோல்சேத்தர் வரை அகலமான பாதை. ஏறக்குறைய 6 கிலோமீற்றர். கூடுதலாக ஏற்றம்தான். ஆனால் பாதை நல்லது. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டுகூட ஆட்கள் போனார்கள்.

உல்லெவோல்சேத்தரில் ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. அங்கே தேத்தண்ணியும் சுடச்சுடப் பணிசும் வாங்கலாம். நாங்கள் வெளியே வாங்கில் இருந்து கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்தோம். என்னிடம் பாணும் கட்டச்சம்பலும். சென்னைத் தோழனிடம் எலுமிச்சைச் சாதம். நோர்வேஜியத் தோழியிடம் மண்ணிறச் சீஸ் வைத்த பாண். மூன்றும் மூன்று பேருக்கும் போனது. கட்டச்சம்பலைச் சாப்பிட்டதும் தோழியின் மூக்கு சிவந்தது. ஆனாலும் இன்னொரு தரம் கேட்டாள்.

பிறகு அவள் ஒரு 'க்விக் லுன்ஷ்' சொக்கலேட்டை எடுத்தாள். நோர்வேயில் 1937ஆம் ஆண்டு முதல் இந்தச் சொக்கலேட் இருக்கிறது. அதன் உறையின் உட்பக்கத்தை நீங்கள் வாசித்திருக்கிறீர்களா? அங்கே மலை விதிகள் அச்சிடப்பட்டிருக்கும். அவள் உறையை விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். எங்கே போகிறோம் என்று மற்றவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த விதி.

"பார், உன் அம்மாவின் கேள்வி இங்கேயும் இருக்கிறது," என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

3. நான் சொல்லாத விஷயம்

இப்போது நான் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் ஏழு வயதில் நோர்வேக்கு வந்தேன். இங்கேதான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு பெருமை. சென்னைத் தோழனுக்கு முதல்நாளே நான் பெரிய பாடம் எடுத்தேன். "கம்பளி உடுப்புப் போடு. நல்ல சப்பாத்துப் போடு," என்று சொன்னேன். அவன் சொன்னபடி செய்தான். கம்பளிக் காலுறை மட்டும் அவனுக்குக் கிடைக்கவில்லை. நானோ? சாதாரண ஜீன்ஸ். பருத்தி மேற்சட்டை. ஓடுகிற சப்பாத்து. 'நான்தான் இங்கே வளர்ந்த ஆள், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று நினைத்தேன்.

உல்லெவோல்சேத்தரைத் தாண்டியதும் பாதை ஒடுங்கியது. மரங்களில் நீல நிற அடையாளம் இருந்தது. ஒஸ்லோக் காடுகளில் நீலம் நடக்கும் பாதை, சிவப்பு பனிச்சறுக்குப் பாதை. நாங்கள் நீலத்தைப் பின்தொடர்ந்தோம்.

கொஞ்ச நேரத்தில் மழை தொடங்கியது. பிறகு மழையும் பனியும் கலந்து விழுந்தது. சதுப்பு நிலத்தில் பலகை போட்டிருந்தார்கள். பலகை வழுக்கியது. என் வலது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போய்விட்டது.

"ஓகேயா?" என்று தோழி கேட்டாள்.

"ஓகே, ஓகே!" என்றேன்.

ஓகே இல்லை. சப்பாத்துக்குள் தண்ணீர். காலுறையும் நனைந்துவிட்டது. பத்து நிமிடத்தில் கால் குளிர்ந்தது. இருபது நிமிடத்தில் விரல்கள் வலித்தன. பிறகு வலி நின்றது. விரல்கள் இருப்பதே தெரியவில்லை.

வலி நின்றது நல்லது என்று நினைத்தேன். அது நல்லது இல்லை, பிள்ளைகளே. அது கால் மரத்துப்போனதன் அடையாளம். உடம்பு அதிகம் குளிர்ந்தால் கைக்கும் காலுக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்து, நெஞ்சையும் வயிற்றையும் சூடாக வைத்திருக்கப் பார்க்கும். அதனால்தான் விரல்கள் முதலில் மரக்கும். பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடாக இருக்கும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததுதான். படித்தும் செய்யவில்லை.

நான் ஏன் சொல்லவில்லை? வெட்கம்தான். 'ஊத் பொ தூர், அல்ட்ரி சூர்' என்று இங்கே சொல்வார்களே, அதுவும் மனதில் ஓடியது. தூர் போனால் முகம் சுளிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

அப்போது சென்னைத் தோழன் நின்றான்.

"எனக்கு ரொம்பக் குளிருது. கால் மரத்துப் போச்சு. திரும்பிப் போயிடலாமா?"

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். வெட்கப்படவில்லை. பயப்படவுமில்லை. நேரம் கேட்பதுபோலக் கேட்டான்.

நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்: "எனக்கும்தான்."

4. கடிகாரமும் வரைபடமும்

தோழி கோபப்படவில்லை. முதலில் என் சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். தன் பையில் இருந்து காய்ந்த கம்பளிக் காலுறை இரண்டு சோடி எடுத்தாள். ஒன்றை எனக்குத் தந்தாள். மற்றதை அவனுக்குக் கொடுத்தாள். நான் காலுறையைப் போட்ட பிறகு, அதற்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் பையைச் சுற்றினாள். அதன்பிறகு ஈரச் சப்பாத்தைப் போட்டேன். காலுறை நனையவில்லை. இந்த வித்தையை ஞாபகம் வைத்திருங்கள்!

பிறகு வரைபடத்தை விரித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது நேரம் ஒன்றரை.

"குடிலுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம். உல்லெவோல்சேத்தருக்கு ஒரு மணித்தியாலம். நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும்," என்றாள்.

நவம்பர் நடுவில் ஒஸ்லோவில் சூரியன் எப்போது மறையும் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

"ஆனால் குடிலுக்குப் போகாமல் திரும்பினால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?" என்று நான் கேட்டேன். அதுதான் என் கவலை! கால் இல்லை, மானம்!

அவள் அந்தச் சொக்கலேட் உறையை மறுபடி எடுத்தாள். எட்டாம் விதியை வாசித்தாள். நேரத்தோடு திரும்பு, திரும்பி வருவதில் வெட்கமில்லை. நோர்வேயில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இந்த வசனம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்குச் சொன்ன வசனம் ஆனது.

அவள் அப்பாவுக்கு இன்னொரு செய்தி அனுப்பினாள்: 'திட்டம் மாறிவிட்டது. இன்றைக்கே திரும்புகிறோம்.' நாங்கள் திரும்பி நடந்தோம். உல்லெவோல்சேத்தரில் ஆளுக்கொரு சூடான கொக்கோ குடித்தோம். என் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நல்லாக வலித்தது. இருட்டும் நேரத்தில் சொங்ஸ்வான் ஏரி தெரிந்தது.

5. கரையில் நின்ற பிள்ளை

அன்று இரவு நானே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, நாங்கள் பாதியிலை திரும்பி வந்திட்டம்."

பேச்சு விழும் என்று நினைத்தேன். அம்மா பெருமூச்சு விட்டார்.

"அதுதான் பிள்ளை நல்லது. உன்ரை அம்மப்பாவும் அப்பிடித்தான். வானம் கறுத்தால் வலை போடாமலே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்திடுவார். கரைக்கு வந்த வள்ளம்தானே நாளைக்கும் கடலுக்குப் போகும்?"

என் அம்மப்பா யாழ்ப்பாணத்தில், குருநகரில் மீன் பிடித்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதை எனக்குத் தெரியாது.

"வெறும் வள்ளத்தோட வந்தால் ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?" என்று கேட்டேன்.

"ஆர் சிரிக்கிறது? நாங்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பம். எங்க போனவர், ஆரோட போனவர், எப்ப வருவார் எண்டு. வள்ளம் தெரிஞ்சால் அதுதான் சந்தோசம்."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எங்க, ஆரோட, எப்ப. அம்மா என்னிடம் கேட்ட மூன்று கேள்விகளும் அந்தக் கரையில் இருந்து வந்தவை. கேட்டது ஒரு சின்னப் பிள்ளை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை.

அடுத்த மே மாதம் நாங்கள் மூன்று பேரும் அதே குடிலுக்குப் போனோம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். டி.என்.ரி. என்று சொல்லும் நோர்வே மலையேறிகள் சங்கத்தின் குடில் அது. 1868ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம். குடிலில் வேலையாட்கள் இல்லை. தோழியிடம் திறப்பு இருந்தது. நாங்களே தண்ணீர் அள்ளினோம், விறகு கொத்தினோம், காலையில் கூட்டித் துடைத்தோம். யாரும் பார்க்காவிட்டாலும் காசைச் சரியாகக் கட்டினோம்.

மேசையில் ஒரு புத்தகம் இருந்தது. வருபவர்கள் தங்கள் பெயரை எழுத வேண்டும். எங்கே இருந்து வருகிறார்கள், அடுத்து எங்கே போகிறார்கள் என்றும் எழுத வேண்டும். யாராவது காணாமல் போனால் தேடுபவர்களுக்கு அது உதவும். நான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். நோர்வேஜிய மொழியில் ஒரு தரம், அதற்குக் கீழே தமிழில் ஒரு தரம்.

அதன்பிறகு வெளியே போய் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கேட்க முதலே சொன்னேன்.

அறிந்துகொள்வோம்: மலை விதிகள்

1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் டி.என்.ரி.யும் மலை விதிகளை நாடு முழுவதும் பரப்பின. 2016ஆம் ஆண்டு விதிகளைப் புதுப்பித்தார்கள். இன்றைய ஒன்பது விதிகளை எளிய தமிழில் பாருங்கள்.

1. பயணத்தைத் திட்டமிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.
2. உங்கள் பலத்துக்கும் அன்றைய நிலைமைக்கும் ஏற்ற பாதையைத் தெரிவு செய்யுங்கள்.
3. வானிலை அறிவிப்பையும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் கவனியுங்கள்.
4. சின்னப் பயணம் என்றாலும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாகப் போங்கள்.
5. உங்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவத் தேவையான பொருட்களைக் கொண்டுபோங்கள்.
6. பாதுகாப்பான வழியில் போங்கள். பனிச்சரிவு வரும் இடத்தையும் உறுதியில்லாத பனிக்கட்டியையும் அடையாளம் காணுங்கள்.
7. வரைபடமும் திசைகாட்டியும் பாவியுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று எப்போதும் தெரிந்திருங்கள்.
8. நேரத்தோடு திரும்புங்கள். திரும்பி வருவதில் வெட்கமில்லை.
9. பலத்தைச் சேமியுங்கள். தேவை என்றால் ஒதுங்க இடம் தேடுங்கள்.

புதிய சொற்கள்

வெளிக்கிடுதல் – புறப்படுதல்
குடில் – சின்ன வீடு
சதுப்பு நிலம் – எப்போதும் ஈரமாக, சேறாக இருக்கும் நிலம்
மரத்துப்போதல் – உணர்வு இல்லாமல் போதல்
கம்பளி – ஆட்டு மயிரில் செய்த துணி
வள்ளம் – சின்னப் படகு
திறப்பு – பூட்டைத் திறக்க உதவுவது, சாவி
மானம் – மதிப்பு, கௌரவம்

பேச்சும் எழுத்தும்

நாங்கள் கதைக்கும் தமிழும் எழுதும் தமிழும் கொஞ்சம் வேறுபடும். இரண்டும் எங்கள் தமிழ்தான்.

போறாய் – போகிறாய்
ஆரோட – யாரோடு
எத்தினை – எத்தனை
கதைக்கிறன் – கதைக்கிறேன்
வந்திட்டம் – வந்துவிட்டோம்
உன்ரை – உன்னுடைய
நிண்டு – நின்று
எண்டு – என்று

சென்னைத் தோழன் "ரொம்பக் குளிருது" என்றான். யாழ்ப்பாணத்தில் "சரியாக் குளிருது" என்போம். உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?

இலக்கணம்: '-ஆல்'

ஒன்று நடந்தால் மற்றது நடக்கும் என்று சொல்ல '-ஆல்' சேர்ப்போம்.

வானம் கறுத்தால் வள்ளத்தைத் திருப்பு.
பருத்தி நனைந்தால் உடம்பு குளிரும்.

நடக்காவிட்டால் என்று சொல்ல '-ஆவிட்டால்' வரும்.

நீ சொல்லாவிட்டால் மற்றவர்களுக்குத் தெரியாது.

பயிற்சிகள்

அ. விடை எழுதுங்கள்.
1. அம்மா கேட்கும் மூன்று கேள்விகள் எவை?
2. நோர்வேஜியத் தோழி அப்பாவுக்கு முதலில் என்ன எழுதி அனுப்பினாள்?
3. கதை சொல்பவர் கால் நனைந்ததை ஏன் மறைத்தார்?
4. அம்மப்பா எப்போது வள்ளத்தைத் திருப்புவார்?
5. குடிலில் இருந்த புத்தகம் எதற்கு உதவும்?

ஆ. '-ஆல்' அல்லது '-ஆவிட்டால்' சேர்த்து நிரப்புங்கள்.
1. மழை (பெய்) ________ குடை பிடிப்பேன்.
2. நேரத்தோடு (திரும்பு) ________ இருட்டில் நடக்க வேண்டி வரும்.
3. குளிர் (கூடு) ________ கம்பளிச் சட்டை போடுவோம்.

இ. எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.
1. "நாங்கள் கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிப்பம்."
2. "நான் பிறகு கதைக்கிறன்."

ஈ. யோசித்துக் கதையுங்கள்.
1. கதை சொல்பவர் எந்த மலை விதிகளை மீறினார்? ஒன்றுக்கு மேல் இருக்கிறது!
2. மூன்று நண்பர்களில் யார் துணிச்சலானவர்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?

வீட்டில் செய்ய

அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பப்பா யாராவது ஒருவரிடம் கேளுங்கள்: "நீங்கள் சின்னனா இருக்கேக்க ஆருக்காகவாவது காத்துக்கொண்டு நிண்டனீங்களோ?" அவர்கள் சொல்லும் கதையை ஆறு வசனங்களில் எழுதி வாருங்கள். அவர்கள் கதைத்த சொற்களில் இரண்டையாவது அப்படியே எழுதுங்கள்.